555 புத்தகத்தில் ஒரு வரி

நாட்குறிப்பு என்றதும் நம்மில் பலருக்கு ஆன் பிராங்க் என்ற யூதச் சிறுமியின் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும். இடைநிலைப்பள்ளி நூலகத்தில் அவளுடைய புத்தகத்தைக் கண்ணால் பார்க்காதவர்கள் குறைவு. 1942-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கி 1944 ஆகஸ்டு வரை, பெரும்பாலும் ஒளிந்திருந்த வீட்டில், அவள் எழுதினாள். அவளுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, போரும் முற்றுகையும் நிறைந்த காலத்தில், அதுவும் தமிழில், இருபத்தைந்து ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதிய ஒருவர் இருந்தார் என்று சொன்னால், தமிழ்த்துறை மாணவர்களைத் தவிர மற்றவர்கள் கொஞ்சம் வியக்கத்தான் செய்வார்கள். கணக்கியல் படித்த நானும் அப்படி வியந்தவன்தான். இரண்டாம் ஆண்டில் நம் பேரவைக் கூட்டம் ஒன்றில் மூத்த மாணவி ஒருவர் அவரைப் பற்றிப் பேசிய போதுதான் அந்தப் பெயரையே முதன்முதலாகக் கேட்டேன்.

ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து புதுச்சேரியில் வளர்ந்தவர். வணிகர். பிறகு பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் தலைமைத் துபாஷி. துபாஷி என்றால் இரண்டு மொழி தெரிந்தவர். துரைக்கும் ஊராருக்கும் நடுவில் நின்று பேசுகிறவர். நடுவில் நிற்கிறவருக்கு இரண்டு பக்கமும் இடிதான் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கியவர் 1761 ஜனவரியில் கண்ணை மூடும் காலம் வரை எழுதினார். அதே மாதத்தில்தான் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைப் பட்டணத்தைப் பிடித்தார்கள். 1748-இல் ஆங்கிலேயர்கள் திரும்பி வந்து புதுச்சேரியை முற்றுகையிட்டார்கள். 1754-இல் டூப்ளே பிரான்சுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். இரண்டு ஆண்டுகளில் பிள்ளையின் பதவியும் போனது. கடைசிக் காலத்தில் உடம்பும் ஒத்துழைக்கவில்லை. இத்தனைக்கும் நடுவில் அவர் எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, எந்தச் சரக்கு விலை போகவில்லை, யார் யாருக்கு வெற்றிலை பாக்கு கொடுத்தார்கள், தமக்கு யார் குழி பறித்தார்கள், எல்லாம்.

அவர் ஒன்றும் மகான் அல்லர். தம்மைப் பற்றிப் பெருமை அடித்துக்கொள்ளும் இடங்கள் நிறைய உண்டு. சாதிப் பார்வையும் உண்டு. ஆனால் அந்தக் குறிப்புகள் அவர் குடும்பத்தாரிடமே கிடந்து, 1846-இல்தான் வெளியார் கண்ணில் பட்டன. பின்னர் 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவைப் பற்றி எழுதும் எந்த வரலாற்று ஆசிரியரும் இன்று அவரைத் தாண்டிப் போக முடியாது.

அந்தக் கூட்டத்தில் இதையெல்லாம் கேட்டபோது, தேர்வுக்கு வராத ஒரு சுவையான செய்தி என்ற அளவில்தான் மனத்தில் வைத்துக்கொண்டேன். அவரைத் திரும்ப நினைக்க வேண்டிய வேளை 2020-இல் வந்தது.

அது என் இறுதியாண்டு. மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது ஊருக்குப் போனவர்கள் போய்விட்டார்கள். ஆய்வேட்டை முடிக்கலாம் என்று விடுதியில் தங்கிய நாங்கள் மாட்டிக்கொண்டோம். நான்காம் மாடி அறை. மூன்று வேளையும் பொட்டலச் சாப்பாடு. விரிவுரைகள் கணினித் திரைக்கு மாறின. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு ஈப்போவிலிருந்து அம்மாவின் அழைப்பு வந்தது. அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் நின்றுவிட்டது.

என் அப்பா லாரி ஓட்டுநர். ஐம்பத்தைந்து வயது. பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சு. புந்தோங்கில் எங்கள் சந்து முனையிலிருந்தே அவர் வருவது வீட்டுக்குக் கேட்கும். அவரால் பேச முடியவில்லை என்பதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை.

"நான் வர்றேம்மா. போலீஸ்ல அனுமதி கேக்குறேன்" என்றேன்.

"வந்து என்னா செய்யப் போற தம்பி? என்னையே உள்ள விடல. கீழ கார் நிறுத்துற எடத்துல நிக்கிறேன்" என்றார் அம்மா.

அது உண்மைதான். பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லாத காலம். மருத்துவமனை வாசலில் அம்மா, நான்காம் மாடியில் நான், எங்கோ ஒரு கட்டிலில் அப்பா. அன்றைக்கு நான்கு முறை அம்மா பேசினார். நான்கு முறையும் நான்கு விதமாகச் சொன்னார். தாதி ஒன்று சொன்னாராம், மருத்துவர் வேறு சொன்னாராம், பக்கத்துக் கட்டில்காரரின் மகன் இன்னொன்று சொன்னாராம். அன்று இரவு, அறைத் தோழர்களோடு பொதுச்செலவுக் கணக்கு எழுத வாங்கி வைத்திருந்த 555 புத்தகத்தை எடுத்தேன். மளிகைக்கடையில் கடன் கணக்கு எழுதும் அந்தச் சின்னப் புத்தகத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நம்மில் பலருடைய குடும்ப வரலாறே அதில்தானே எழுதப்பட்டிருக்கிறது! கடைசிப் பக்கத்தைத் திருப்பி, தேதி போட்டு, இப்படி எழுதினேன்: "அப்பா ஆஸ்பத்திரியில். வலது கை, கால் இல்லை. பேச்சு இல்லை. அம்மா சாப்பிடவில்லை. இங்கே மழை."

அவ்வளவுதான். இலக்கியம் படைக்கும் எண்ணமெல்லாம் இல்லை. நான்கு விதமாகக் கேட்ட செய்தியை ஒரே விதமாக ஓரிடத்தில் வைக்க வேண்டும் என்ற கணக்கியல் மாணவனின் புத்திதான் அது. மறுநாள் இரவும் எழுதினேன். அதற்கு மறுநாளும்.

ஏப்ரல் கடைசியில் பல்கலைக்கழக மாணவர்களைப் பேருந்துகளில் ஊருக்கு அனுப்பத் தொடங்கினார்கள். முகக்கவரியோடு, இருக்கைக்கு ஓர் ஆளாக, தாப்பா, கம்பார் தாண்டி ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகள் தெரியத் தொடங்கியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா வீட்டுக்கு வந்து நான்கு நாளாகியிருந்தது. முன்கூடத்தில் கட்டில் போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் வாயைத் திறந்தார். "ம்மா" என்றார்.

அம்மாவைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. தண்ணீருக்கும் "ம்மா", விசிறிக்கும் "ம்மா", எனக்கும் "ம்மா". மூளையின் இடப்பக்கத்தில் அடி விழுந்தால் உடம்பின் வலப்பக்கம் செயலிழப்பதோடு பேச்சும் போவது வழக்கம். பேச்சுக்கான பகுதிகள் பெரும்பாலோருக்கு இடப்பக்கத்தில்தான் இருக்கின்றன. புத்தி தெளிவாக இருக்கும். சொல்ல வேண்டியது உள்ளே இருக்கும். சொல் மட்டும் கிடைக்காது. ஒரு பேச்சுக்காரனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

இரத்த அழுத்தத்தைக் காலையும் மாலையும் அளந்து எழுதி வையுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எனவே 555 புத்தகம் வீட்டுப் புத்தகமாயிற்று. இரத்த அழுத்தம், மாத்திரை, சாப்பாடு. பேச்சுப் பயிற்சிக்கான தவணைகள் அந்தக் காலத்தில் தள்ளித் தள்ளிப் போயின. நாங்களே வீட்டில் ஒரு பொருளைக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னோம். புத்தகத்தில் 'சொல்' என்று இன்னொரு பகுதி சேர்ந்தது. அன்றைக்குப் புதிதாக ஒரு சொல் வந்தால் அங்கே ஏறும். வரவில்லையென்றால் ஒரு கோடு.

மே 11: "சாவி." லாரிச் சாவி சுவரில் தொங்கியது. அதைக் கை காட்டிச் சொன்னார்.

மே 19: மலாயில் ஒன்று முதல் பத்து வரை தடங்கலே இல்லாமல் எண்ணினார். சத்து, டுவா, தீகா என்று ஓட்டமாக வந்தது. 'மூன்று மட்டும் சொல்லுங்கப்பா' என்றால் வரவில்லை. சத்துவிலிருந்து தொடங்கினால்தான் தீகா வரும்.

மே 27: வானொலியில் பழைய பாட்டு ஒன்று ஓடியது. கூடவே ஒரு முழு வரியைப் பாடினார். பாடி முடித்துவிட்டு, தண்ணீர் கேட்கத் தெரியாமல் "ம்மா" என்றார். பாட்டும் எண்ணும் பழகிப்போன வசைச்சொல்லும் மூளையில் வேறு வழியாக வருகின்றன என்று பிறகு படித்தேன். (வசைச்சொற்களையும் தேதி வாரியாகப் பதிந்திருக்கிறேன். ஆண்டு மலரின் மரியாதை கருதி இங்கே தரவில்லை.)

ஜூன் மாத முடிவில் எண்ணிப் பார்த்தேன். 41 சொற்கள்.

நாளுக்கு நாள் ஏறிய கதை என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்பது நாள் தொடர்ந்து கோடு விழுந்த பக்கம் ஒன்று இருக்கிறது. கோப்பையை இடது கையால் வீசி எறிந்துவிட்டு அவர் விம்மி விம்மி அழுத நாள் ஒன்று இருக்கிறது; அந்தத் தேதிக்கு நேரே "இன்று எழுத ஒன்றுமில்லை" என்று மட்டும் இருக்கிறது. எழுத ஒன்றுமில்லை என்பதையாவது எழுதியிருக்கிறேனே என்று இப்போது தோன்றுகிறது.

ஆகஸ்டு மாதம் ஒருநாள் சமையலறையில் அம்மா, "நாலு மாசமாச்சு. ஒன்னும் மாறல. அப்படியேதான் இருக்காரு" என்றார். குரலில் கோபம்கூட இல்லை, ஓய்ந்துபோயிருந்தார். நான் புத்தகத்தைக் கொண்டுவந்து மே மாதத்தைப் படித்தேன். ஒவ்வொரு நாளாக. கஞ்சி அரைக்கோப்பை. இரத்த அழுத்தம் 158/94. சொல்: கோடு. சொல்: கோடு. கட்டிலில் தானாக உட்கார முடியவில்லை. சொல்: சாவி. அம்மா கீரை ஆய்வதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அப்போது முன்கூடத்திலிருந்து அப்பா, "தேத்தண்ணி" என்று கத்தினார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சொல் ஜூலை 2-ஆம் தேதி வந்தது என்று என்னால் காட்ட முடிந்தது.

நம் நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது, நண்பர்களே. துன்பத்தில் இருக்கும்போது நேற்று எப்படி இருந்தது என்பதையும் இன்றைய மனநிலையை வைத்தே முடிவு செய்கிறோம். எழுத்தில் இருந்தால் அந்த நாளைப் பிறகு மாற்ற முடியாது.

இதற்குப் பிறகுதான் இந்தப் பழக்கத்தைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடினேன். 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளரும் சாண்ட்ரா பீல் என்பவரும் 46 பல்கலைக்கழக மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுத வேண்டும். சிலர் சாதாரணச் செய்திகளை எழுதினார்கள். சிலர் தம்மைப் பாதித்த துயரமான நிகழ்ச்சியையும் அதைப் பற்றிய உணர்வுகளையும் எழுதினார்கள். நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதங்களில் பல்கலைக்கழக மருந்தகத்துக்குக் குறைவாகவே போனார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனபாரம் கூடியிருந்தது, இரத்த அழுத்தமும் ஏறியிருந்தது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. இதைப் பலர் விட்டுவிட்டுச் சொல்கிறார்கள். எழுதினால் மனம் லேசாகும் என்று நம்பி உட்கார்ந்து, எழுந்திருக்கும்போது கனமாக இருந்தால், பழக்கமே வேண்டாம் என்று போய்விடுவோம் அல்லவா?

எனக்கும் உணர்வை எழுத மூன்று மாதம் ஆயிற்று. முதலில் எண்கள்தான் வந்தன. ஜூலை நடுவில் ஓர் இரவு, எண்களை எழுதி முடித்த பிறகு கை நிற்கவில்லை. லாரிக்கு வங்கியில் தவணை இருந்தது. ஏப்ரல் முதல் ஆறு மாதத்துக்குத் தவணை ஒத்திவைப்பு கொடுத்திருந்தார்கள், செப்டம்பரோடு முடியும். அதன் பிறகு யார் கட்டுவது? படிப்பை விட்டுவிட்டு நான் லாரி எடுக்க வேண்டுமா? அப்பா போய்விட்டால் என்று ஒரு வாக்கியம் தொடங்கியது. முடிக்காமல் அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன். காலை எழுந்தபோது சிக்கல் அப்படியேதான் இருந்தது. ஆனால் அது மூன்று கேள்விகளாகப் பிரிந்திருந்தது. அவற்றில் இரண்டு மாமாவிடம் கேட்கக்கூடியவையாக இருந்தன. லாரியை விற்றோம். அது வேறு கதை.

பழக்கம் எப்போது பழக்கமாகிறது? இருபத்தொரு நாள் என்று தன்முனைப்புப் பயிலரங்குகளில் சொல்வார்கள். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி என்பவரும் குழுவினரும் 96 பேரை வைத்துச் செய்து, 2009-இல் வெளியிட்ட ஆய்வில் சராசரி 66 நாள் என்று வந்தது. ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகப் பெரிது: சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் ஆகும் என்ற கணக்கு. அதில் எனக்குப் பிடித்த செய்தி வேறொன்று. ஒரு நாள் விட்டுப்போனால் குடி முழுகிப் போவதில்லை. பழக்கம் உருவாவதை அது பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் குறிப்பிலும் விடுபட்ட நாள்கள் உண்டு. யாரும் அவரைக் குறை சொல்வதில்லை.

கல்லூரியில் இருக்கும் தம்பி தங்கையர் கேட்பதால் என் வழக்கத்தைச் சொல்கிறேன். நான் புதிதாக ஒரு நேரம் ஒதுக்கவில்லை. அப்பாவின் இரவு மாத்திரைக்குப் பின்னால் எழுத்தை ஒட்டிவிட்டேன். மாத்திரையை மறக்க முடியாது. எனவே எழுத்தும் மறக்கவில்லை. உங்களுக்கு அது பல் துலக்குவதாகவோ விடுதிக் கதவைப் பூட்டுவதாகவோ இருக்கலாம். புத்தகம் சின்னதாக இருக்க வேண்டும். அழகான தடித்த நாட்குறிப்பேடு வாங்கினீர்களானால் பிப்ரவரியோடு அது தூங்கிவிடும். அந்த வெற்றுப் பக்கங்கள் நம்மைப் பார்த்துப் பழிக்கும். 555 புத்தகத்தில் நான்கு வரி எழுதினால் பக்கம் பாதி நிறைந்துவிடுகிறது. எழுதுகோலை நூலால் புத்தகத்தோடு கட்டிவிட்டேன். மளிகைக்கடையில் அப்படித்தான் இருக்கும். கைத்தொலைபேசியில் எழுதலாமே என்பார்கள். எழுதலாம். ஆனால் அதைத் திறந்தால் அன்றைய நோய்த்தொற்று எண்ணிக்கைதான் முதலில் தெரிந்தது. தேர்வு வாரத்தில் ஒரே வரி. அது போதும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பேரவையினர் சிலர் நல்ல தமிழில் எழுத வரவில்லை என்று சொல்லியே எழுதாமல் இருக்கிறார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை எழுதியது அன்று புதுச்சேரித் தெருவில் பேசிய தமிழ். அயல்மொழிச் சொற்கள் அதில் தாராளமாகக் கலந்திருக்கின்றன. இன்று மொழி ஆய்வாளர்களுக்கு அதுதான் பொக்கிஷம். என் புத்தகத்தில் "கிளினிக்ல நம்பர் 47, ரெண்டு மணி நேரம் துங்கு" என்று இருக்கிறது. ஆய்வேட்டில் அப்படி எழுதினால் விரிவுரையாளர் சிவப்பு மையைக் கொட்டுவார். இங்கே யார் கேட்பது?

இந்தப் புத்தகத்தை முதலில் சரியாகப் புரிந்துகொண்டவர் என் பாட்டிதான். அப்பாவின் தாயார். எழுதப் படிக்கத் தெரியாதவர். தினமும் இரவில் நான் குனிந்து எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒருநாள் கேட்டார்:

"என்னாய்யா அது, செக்ரோலா?"

பாட்டி சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டு. கிராணி மேசை விளக்கின் கீழ் செக்ரோலைத் திறந்து பெயர் கூப்பிடுவார். பெயர் விழுந்தால்தான் அன்றைக்குக் கூலி. பிறகு வெட்டுக்காடு. குளிர்ச்சி இருக்கும்போதே உளியால் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். மழை பெய்து பட்டை நனைந்தால் பால் மங்குக்கு வராமல் மரமெல்லாம் வழியும். வெட்டு கிடையாது.

"மழையன்னிக்குப் பேரு விழாது. அந்தப் பொஸ்தகத்துல அன்னிக்கு நாங்க இல்ல" என்றார் பாட்டி.

கிராணி தினமும் எழுதினார். வேலைக்கு வந்த ஒவ்வொருவரைப் பற்றியும், ஆண்டுக்கணக்கில், ஒரு நாள் தவறாமல். ஆனால் அதில் பாட்டிக்குக் காய்ச்சல் வந்தது இல்லை. பிள்ளை பிறந்தது, வேலைக்கு வராத நாளாக மட்டும் இருக்கும். தோட்டத்தில் எழுத்து இல்லை என்று நாம் நினைக்கிறோம். நிறையவே இருந்தது. அது நம் கையில் இல்லை, அவ்வளவுதான்.

சயாம் மரண இரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. பேராக் தோட்டங்களிலிருந்தும் நம்மவர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். பாட்டியின் பெரியப்பா ஒருவர் போனார், திரும்பவில்லை. அதே பாதையில் போர்க்கைதியாக இருந்த ஆஸ்திரேலிய மருத்துவர் எட்வர்ட் டன்லப், காவலர்களுக்குத் தெரியாமல் நாட்குறிப்பு எழுதி மறைத்து வைத்தார். 1986-இல் அது புத்தகமாக வந்தது. எத்தனை பேர் எந்த நாளில் எந்த நோயால் இறந்தார்கள் என்று அதில் பார்க்கலாம். நம்மவர்களுக்காக ஆர். சண்முகம் பிற்காலத்தில் 'சயாம் மரண ரயில்' என்று நாவல் எழுத வேண்டியிருந்தது.

எழுத முடியாத காலமும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஈப்போவிலும் பாப்பானிலும் மருத்துவ உதவி செய்த சிபில் கார்த்திகேசு, ஜப்பானியரை எதிர்த்த கொரில்லாக்களுக்கு மறைவாகச் சிகிச்சை செய்தவர். 1943-இல் பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளானார். அவர் அன்றன்று எழுதி வைத்திருந்தால் அந்த எழுத்தே பல பேருடைய உயிரைக் குடித்திருக்கும். போர் முடிந்த பிறகுதான் தம் அனுபவங்களைப் பதிவு செய்தார். 1948-இல் அவர் இறந்தார்; 1954-இல் நூல் வெளிவந்தது. ஈப்போவில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அதன் வழியாகப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது யார் என்று தெரியும் என்பது வேறு கேள்வி.

நாங்கள் வீட்டில் அடைந்து கிடந்த அந்த மாதங்களில் பாட்டிக்குப் பேசப் பொழுது இருந்தது. எனக்கு எழுதப் புத்தகம் இருந்தது. "அப்ப என் பேரையும் போடேன்" என்று விளையாட்டாகத்தான் தொடங்கினார். 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் பக்கத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் வந்தபோது அவருக்கு ஏழு வயது. லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டது, அரிசியை அளந்து கொடுத்தது, வேலிக்கு வெளியே ஒரு பிடிச் சோறுகூடக் கொண்டுபோக விடாமல் சோதித்தது, வேலிக்கு அந்தப் பக்கம் போன பந்தை எடுக்கப் பிள்ளைகள் பயந்தது, எல்லாவற்றையும் சொன்னார். பந்தைப் பற்றிச் சொல்லும்போதுதான் முகம் மாறியது.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. கித்தா மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள்; லயத்தை இடித்தார்கள். 2021-இல் நான் போய்ப் பார்த்தபோது கோவில் இருந்த மேடும் ஒரு சிமெண்டுத் தொட்டியும் மட்டும் தெரிந்தன. எனவே பாட்டியிடம் லயத்தை வீடு வீடாகக் கேட்டு எழுதத் தொடங்கினேன். கோவில் பக்கத்திலிருந்து முதல் வீடு. யார் இருந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், எத்தனை பிள்ளைகள், யார் எங்கே போனார்கள். ஒரு நாளைக்கு ஒரு வீடு. சில வீட்டுக்கு இரண்டு நாள் ஆகும். நான்காம் வீட்டுக்காரருக்கு ஒரு வாரம் ஆனது. அவர் ஆடு திருடிய கதை அவ்வளவு நீளம். வேலை கிடைத்துக் கோலாலம்பூருக்கு நான் வந்த பிறகு, வார இறுதியில் மட்டும் தொலைபேசியில் தொடர்ந்தது. பின்னணியில் அப்பாவின் குரல் கேட்கும். பாட்டி யாரையாவது மறந்தால் அவர் பெயரை எடுத்துக் கொடுப்பார். ஊர்ப் பெயர் வராமல் திணறுவார். சிலசமயம் பெயருக்குப் பதில் அந்த ஆள் நடக்கும் விதத்தை இடது கையால் காட்டுவாராம். பாட்டிக்கு அது போதும்.

2023-இல் பாட்டி காலமானார். புத்தகங்கள் பதினொன்று சேர்ந்திருக்கின்றன. ரப்பர் பட்டை போட்டு ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறோம். அப்பாவின் சொற்களை எண்ணுவதை நிறுத்திவிட்டேன், தேவைப்படவில்லை. லயத்தில் மொத்தம் இருபத்து நான்கு வீடு. என் எழுத்து பதினேழாம் வீட்டோடு நிற்கிறது. பதினெட்டாம் வீட்டுக்காரரின் மகள் சிம்மோரில் இருக்கிறாராம்; அப்பா விசாரித்து வைத்திருக்கிறார். தீபாவளி விடுமுறையில் அவரையும் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன்.